பதினாறு முழமும் பத்துக் கோடி மக்களும்

கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள்.

உலகத்தின் சனத்தொகை 2022 நவம்பரில் 8 பில்லியனைத் தொட்டது. 1927 இல் 2 பில்லியன், 1974 இல் 4 பில்லியன் என்று இரட்டிப்பாகி வந்த கணக்கு இது. அந்தக் காலம் முழுவதிலும் பூமியில் உள்ள நன்னீர் ஒரு குடமும் கூடவில்லை. இவ்வளவையும் உயர்தர மாணவர்கள் மனப்பாடமாகச் சொல்வார்கள். சிக்கல் அதற்குப் பிறகுதான். சனத்தொகை என்ற சொல்லை எடுத்தவுடன் எமது நாட்டில் கதை வேறு பக்கம் திரும்பிவிடுகிறது. ஒரு சாரார் உடனே எமது சமூகத்தின் பக்கம் விரலை நீட்டுகிறார்கள். அந்த விரலைக் கண்டு எமது ஆட்களில் பலர், "ரிஸ்க் அல்லாஹ்வின் பொறுப்பு, எண்ணிக்கையைப் பற்றிப் பேசவே வேண்டாம்" என்று கதவை மூடிவிடுகிறார்கள். இந்த இரண்டு சாராரும் தண்ணீரைப் பற்றிப் பேசுவதே இல்லை.

அதனால் எமது சண்டைகளுக்கு வெளியே உள்ள ஒரு நாட்டை எடுத்துப் பார்ப்போம். மிஸ்ர், அதாவது எகிப்து. கெய்ரோவில் ஓர் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை எமது பக்கம் ஒரு மாரிகாலப் பின்னேரத்தில் பெய்துவிடும். இருப்பது ஒரே ஓர் ஆறு. அந்த ஆற்றை நூற்றாண்டு நூற்றாண்டாக அளந்து எழுதி வைத்திருக்கிறார்கள். தண்ணீருக்கும் மனிதருக்கும் உள்ள கணக்கைப் படிக்க இதைவிட நல்ல கரும்பலகை கிடையாது.

கெய்ரோ நகரின் நடுவே நைல் நதியில் றோடா என்றொரு தீவு இருக்கிறது. அதன் தென்முனையில் ஆழமான ஒரு கிணறு. கிணற்றின் நடுவே எண்பட்டை வடிவில் ஒரு சலவைக்கல் தூண். அதுதான் 'மிக்யாஸ்', நைல் அளவுகோல். ஹிஜ்ரி 247 இல், கி.பி. 861 இல், அப்பாஸிய கலீபா அல் முதவக்கிலின் கட்டளைப்படி கட்டப்பட்டது. அதற்கு முன் உமையாக்கள் கட்டிய ஒன்று வெள்ளத்தில் போய்விட்டது. தூணில் முழக்கணக்கில் கோடுகள். சுவரில் மழை, நீர், பயிர் பற்றிய குர்ஆன் வசனங்கள். ஆற்றிலிருந்து சுரங்க வழிகளால் நீர் கிணற்றுக்குள் வரும். கோடை முடியும் காலத்தில் எத்தியோப்பிய மலைகளில் பெய்த மழை நைலில் ஏறி வரும்போது, அதிகாரி ஒருவர் தினமும் படியிறங்கிப் பார்த்து முழத்தைச் சொல்வார்.

16 முழம் வந்தால் நல்ல ஆண்டு. கால்வாயின் மண் அணையை வெட்டிவிட்டு ஊரே கொண்டாடும். வரியும் அந்த அளவை வைத்தே தீர்மானிக்கப்படும். 16 இற்கு எட்டாவிட்டால் வயல் நனையாது, தானிய விலை ஏறத் தொடங்கும். அளவுக்கு மீறி ஏறினால் கரை உடையும். ஒரு நாட்டின் வயிறும் கஜானாவும் ஒரு தூணில் இருந்த காலம் அது. எமது பக்கத்தில் குளம் வான் பாயும் செய்தி கேட்டு வயற்காரர் முகம் மலர்வதைக் கண்டவர்களுக்கு இதைப் பெரிதாக விளக்கத் தேவையில்லை.

அந்த ஆற்றின் தண்ணீர் மதீனாவுக்கும் உதவியிருக்கிறது. உமர் (ரழி) அவர்களின் ஆட்சியில் ஹிஜாஸைப் பெரும் பஞ்சம் பிடித்தது. 'ஆமுர் ரமாதா', சாம்பல் ஆண்டு என்று பெயர். எகிப்தின் ஆளுநராக இருந்த அம்ர் இப்னுல் ஆஸ் (ரழி) அவர்கள், தூர்ந்து கிடந்த பழைய பிர்அவ்ன் காலத்துக் கால்வாயைத் திரும்ப வெட்டி, நைலையும் செங்கடலையும் இணைத்தார்கள். எகிப்தின் தானியம் படகேறி ஹிஜாஸுக்குப் போனது. 'அமீருல் முஃமினீன் கால்வாய்' என்று அதற்குப் பெயர். நூறு ஆண்டுகளுக்குப் பின்னர், மதீனாவில் கிளர்ச்சி செய்தவர்களுக்கு உணவு போகக்கூடாது என்று கலீபா அல் மன்ஸூர் அதே கால்வாயை அடைத்துவிட்டார். திறந்ததும் ஒரு கலீபா, அடைத்ததும் ஒரு கலீபா. இந்தக் கால்வாயின் பாதையை மறந்துவிடாதீர்கள், திரும்பவும் வரும்.

ஆற்றைக் கட்டிப் பிடிக்கும் யோசனை நேற்று வந்ததல்ல. பாத்திமிய்ய கலீபா அல் ஹாகிமின் காலத்தில், அதாவது ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர், பஸ்றாவில் பிறந்த இப்னுல் ஹைதம் அதற்காக அழைக்கப்பட்டார். ஒளியியலில் நாம் பெருமையோடு சொல்லும் அதே இப்னுல் ஹைதம்தான். அஸ்வான் பக்கம் வரை போய்ப் பார்த்துவிட்டு, இது தம்மால் முடியாத வேலை என்று திரும்பி வந்தார். கலீபாவின் கோபத்துக்குப் பயந்து பைத்தியம் போல நடித்தார் என்றும் பழைய வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். அந்தக் கால மண்ணாலும் கல்லாலும் நைலைப் பிடிக்க முடியாது என்று அவர் கண்டது சரியான கணிப்பு.

முடியாததன் விலை பெரிது. ஹிஜ்ரி 457 முதல் 464 வரை (கி.பி. 1065 முதல் 1072 வரை) ஏழு ஆண்டுகள் நீடித்த பஞ்சத்தை 'அஷ் ஷித்ததுல் முஸ்தன்ஸிரிய்யா' என்று எழுதி வைத்திருக்கிறார்கள். ஆறு ஏறவில்லை. அதோடு கலீபாவின் படைப்பிரிவுகள் தமக்குள் மோதிக்கொண்டன, கொள்ளை நடந்தது, விதைக்க ஆளில்லை. பத்ருல் ஜமாலி படையோடு வந்து ஒழுங்கை நிலைநாட்டிய பின்னரே நாடு மூச்சு விட்டது.

இந்த இடத்தில் அல் மக்ரீஸியை நிறுத்திப் பார்க்க வேண்டும். பதினைந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தன் கண்முன் நடந்த பஞ்சத்தைப் பார்த்துவிட்டு, எகிப்தின் பஞ்சங்களைப் பற்றியே ஒரு நூல் எழுதினார். நைல் குறைந்தது என்று எழுதி முடித்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் அப்படிச் செய்யவில்லை. இலஞ்சம் கொடுத்துப் பதவி வாங்குவது, நிலத்தின் குத்தகையை ஏற்றிவிடுவது, மதிப்பில்லாத செப்புக் காசை அளவின்றிப் புழக்கத்தில் விடுவது ஆகிய மூன்றையும் காரணமாகக் காட்டினார். ஆறு குறைவது ஒன்று, குறைந்த ஆற்றால் மக்கள் சாவது வேறொன்று என்று அறுநூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் பிரித்துப் பார்த்திருக்கிறார். எமது பாடப்புத்தகங்களில் அவருக்கு ஒரு பக்கமாவது கிடைக்க வேண்டும் என்பது எமது ஆசை.

இனி எண்ணிக்கைக்கு வருவோம். நெப்போலியனோடு வந்த பிரெஞ்சு அறிஞர்கள் எகிப்தின் சனத்தொகையைச் சுமார் 25 இலட்சம் என்று மதிப்பிட்டார்கள். அது குறைவான மதிப்பீடு என்று பிற்காலத்து ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். எப்படிப் பார்த்தாலும் அரைக் கோடியைத் தாண்டவில்லை. அன்றைய விவசாயம் ஒரு போகம். வெள்ளம் வரும்போது கரைகட்டிய பெரும் பாத்திகளில் நீரைத் தேக்கி, மண் ஊறிய பின் வடியவிட்டு, கோதுமையும் பார்லியும் விதைப்பார்கள். மீதி நீர் கடலுக்கு.

முஹம்மத் அலி பாஷா இந்த முறையை உடைத்தார். அவருக்குப் பணம் வேண்டும். பணம் பருத்தியில் இருந்தது. பருத்திக்கோ கோடையில், ஆறு வற்றிக் கிடக்கும் காலத்தில் தண்ணீர் வேண்டும். எனவே ஆழமான கால்வாய்கள் வெட்டப்பட்டன. வெட்டியது கூலியில்லாத கட்டாய உழைப்பு. அலெக்சாந்திரியாவுக்கான மஹ்மூதிய்யா கால்வாயை 1820 இல் முடித்தபோது ஆயிரக்கணக்கான ஃபல்லாஹீன்கள் அந்த மண்ணிலேயே புதைந்திருந்தார்கள். கோடை நீரை உயர்த்த நைல் கழிமுகத்தின் தலைப்பில் ஒரு பெரிய அணையும் தொடங்கப்பட்டது. அதற்குக் கல் வேண்டும் என்று பிரமிட்டுகளையே உடைக்கப் பாஷா யோசித்தார் என்றும், பிரெஞ்சுப் பொறியியலாளர் ஒருவர் செலவுக் கணக்கைக் காட்டி அவரைத் தடுத்தார் என்றும் ஒரு கதை உண்டு.

அந்த வம்சத்தின் கடன் ஏறி நாடு ஐரோப்பியர் கைக்குப் போகும் வேளையில் எழுந்தவர் எமக்கெல்லாம் தெரிந்த அஹ்மத் ஒறாபி பாஷா. ஷர்கிய்யா மாகாணத்துக் கிராமத்துப் பிள்ளை. 1882 இல் பிரித்தானியப் படை சுயஸ் பக்கமிருந்து முன்னேறியது ஒரு நன்னீர்க் கால்வாயின் கரையோரமாக. சுயஸ் கால்வாய் வேலைக்குக் குடிநீர் கொடுக்க வெட்டப்பட்ட அந்தக் கால்வாய், பெருமளவுக்கு அம்ர் (ரழி) அவர்களின் பழைய கால்வாய் போன பள்ளத்தாக்கு வழியேதான் ஓடுகிறது. ஒறாபியின் படையினர் அதில் அணைபோட்டு எதிரியின் தண்ணீரை நிறுத்தப் பார்த்தார்கள். செப்டம்பர் 13 ஆம் திகதி தல் அல் கபீரில் தோற்றார்கள். 1883 ஜனவரியில் ஒறாபி கொழும்பில் வந்திறங்கினார். ஸாஹிராவின் தொடக்கத்தில் சித்திலெப்பை, வாப்பிச்சி மரைக்கார் ஆகியோரோடு அவர் பெயரும் சொல்லப்படுவது அதனால்தான்.

அவர் எமது நாட்டில் இருந்த 18 ஆண்டுகளில் அவருடைய ஊரில் என்ன நடந்தது என்பதை நாம் அதிகம் சொல்வதில்லை. இந்தியாவில் பழகிய பிரித்தானிய நீர்ப்பாசனப் பொறியியலாளர்கள் எகிப்துக்கு வந்தார்கள். பழுதாகிக் கிடந்த கழிமுக அணையைச் சீர்செய்தார்கள். 1899 இல் அஸ்வானில் புதிய அணைக்கு அடிக்கல் நாட்டினார்கள். ஒறாபி 1901 இல் நாடு திரும்பினார், 1902 இல் அணை முடிந்தது. பிறகு இரண்டு தடவை அதை உயர்த்தினார்கள். ஒரு போகம் விளைந்த வயலில் இரண்டு போகம், சில இடங்களில் மூன்று. 1897 இல் 97 இலட்சமாக இருந்த மக்கள் 1947 இல் 1 கோடி 90 இலட்சம் ஆனார்கள்.

இங்கேதான் பலர் தலைகீழாகப் படிக்கிறார்கள். சனம் கூடியதால் தண்ணீர் செலவானது என்பது பாதிக் கதை. கால்வாய் வந்ததால் விளைச்சல் கூடியது, விளைச்சலும் தடுப்பூசியும் வந்ததால் பிள்ளைகள் சாகாமல் வளர்ந்தார்கள், வளர்ந்தவர்களுக்கு இன்னும் கால்வாய் வேண்டியிருந்தது. உலகம் முழுவதும் இதே கதைதான். இருபதாம் நூற்றாண்டில் உலக சனத்தொகை கிட்டத்தட்ட நான்கு மடங்கானது. மனிதர் எடுத்துப் பயன்படுத்திய நன்னீரோ ஆறு மடங்குக்கு மேல் ஏறியது. தலை எண்ணிக்கை மட்டும் காரணமென்றால் இரண்டும் ஒரே வேகத்தில் ஏறியிருக்க வேண்டும். மிச்சம், வாழ்க்கை முறையிலும் பாசனத்திலும் இருக்கிறது. எடுக்கும் நீரில் பத்தில் ஏழு பங்கு விவசாயத்துக்கே போகிறது.

ஆற்றைப் பங்கிடும் தாள்களும் இந்தக் காலத்தில்தான் வந்தன. 1929 இல் எகிப்தும் பிரித்தானியாவும் எழுதிக்கொண்டதில் எகிப்துக்கு 48 பில்லியன் கன மீற்றர், சூடானுக்கு 4. சுதந்திரத்துக்குப் பின் 1959 நவம்பரில் இரண்டு நாடுகளும் திருத்திக்கொண்டன. ஆண்டுக்கு 84 பில்லியன் என்று கணக்கிட்டு, எகிப்துக்கு 55.5, சூடானுக்கு 18.5, மீதி 10 புதிய நீர்த்தேக்கத்தில் ஆவியாகப் போகும் நீர் என்று ஒதுக்கினார்கள். பத்து பில்லியன் கன மீற்றர் வானத்துக்கு எழுதிக் கொடுத்த ஒப்பந்தம் அது! எகிப்துக்கு வரும் நீரில் சுமார் 85 வீதம் எத்தியோப்பிய மலைகளிலிருந்து வருகிறது. எத்தியோப்பியாவை யாரும் அழைக்கவில்லை.

அந்த நீர்த்தேக்கம்தான் அஸ்வான் உயர் அணை. அமெரிக்கா கடனை மறுத்ததும், நாஸர் ஒரு வாரத்தில் சுயஸ் கால்வாயைத் தேசியமயமாக்கியதும், சோவியத் உதவியோடு 1960 இல் வேலை தொடங்கியதும் பாடத்தில் உள்ள கதை. பாடத்தில் இல்லாத ஒன்றைச் சொல்கிறோம். எவ்வளவு பெரிய குளம் கட்டினால் வறண்ட ஆண்டுகளைத் தாண்டலாம் என்று கணக்குப் பார்த்தவர்களில் ஹர்ஸ்ட் என்ற ஆங்கிலேயர் முக்கியமானவர். எகிப்திலேயே பல பத்தாண்டுகள் உழைத்தவர். அவர் எடுத்துப் படித்தவற்றில் றோடா தூணின் பழைய அளவுகளும் இருந்தன. நல்ல ஆண்டுகள் கூட்டமாக வருகின்றன, கெட்ட ஆண்டுகளும் கூட்டமாக வருகின்றன என்பதை அந்தப் பதிவுகளில் அவர் கண்டார். தூணருகே படியிறங்கி முழம் எண்ணிய பெயர் தெரியாத அதிகாரிகளின் வேலை ஆயிரம் ஆண்டுகள் கழித்துப் பயன்பட்டது.

அணை காப்பாற்றியது, அதில் சந்தேகமில்லை. 1980களில் எத்தியோப்பியாவைப் பஞ்சம் தின்றபோது அதே வறட்சி எகிப்துக்கும் வந்தது. நாஸர் ஏரி 1988 வரை இறங்கிக்கொண்டே போனது. ஆனால் எகிப்தில் பட்டினிச் சாவு இல்லை. விலையும் இருந்தது. எகிப்துப் பக்கத்திலும் சூடான் பக்கத்திலும் ஒரு இலட்சம் அளவிலான நூபியர் தம் ஊர்களையும் பள்ளிகளையும் கபுறடிகளையும் நீருக்குக் கொடுத்துவிட்டுப் போனார்கள். ஆறு கொண்டுவந்த வண்டல் அணைக்குப் பின்னால் தங்கிவிட்டதால் வயலுக்கு உரம் வாங்க வேண்டியதாயிற்று, கழிமுகத்தின் கரையைக் கடல் அரிக்கத் தொடங்கியது. வெள்ளத்தோடு கடலுக்குப் போன சத்து நின்றதும் எகிப்தின் சாளை மீன்பிடி சில ஆண்டுகளிலேயே விழுந்தது. 1964 இற்குப் பிறகு கெய்ரோ உண்மையான வெள்ளத்தைக் காணவில்லை. மிக்யாஸ் இப்போது சுற்றுலாப் பயணிகள் பார்க்கும் இடம்.

எண்ணிக்கை நிற்கவில்லை. 2020 பெப்ரவரியில் எகிப்து 10 கோடியைத் தொட்டது. 1960 இல் 2 கோடி 60 இலட்சம் பேருக்கு 55.5 பில்லியனைப் பங்கிட்டால் தலைக்கு 2,100 கன மீற்றருக்கு மேல் வரும். இன்று சுமார் 500. தலைக்கு 1,000 இற்குக் கீழே போனால் நீர்ப் பற்றாக்குறை, 500 இற்குக் கீழே போனால் முற்றான பற்றாக்குறை என்பது உலகம் பயன்படுத்தும் அளவுகோல். அதாவது எகிப்து இரண்டாவது கோட்டின் மேல் நிற்கிறது.

அப்படியென்றால் பத்துக் கோடிப் பேர் எப்படிச் சாப்பிடுகிறார்கள்? ஒரு பங்கு, கப்பலில் வருகிறது. ஒரு கிலோ கோதுமை விளைய ஆயிரம் லீற்றருக்கு மேல் தண்ணீர் வேண்டும். கோதுமையை இறக்குமதி செய்யும் நாடு அந்தத் தண்ணீரையும் சேர்த்தே இறக்குமதி செய்கிறது. பேராசிரியர் டோனி அலன் இதற்கு 'மறை நீர்' என்ற கருத்தைக் கொடுத்தார். உலகின் மிகப்பெரிய கோதுமை இறக்குமதியாளர்களில் எகிப்து முன்வரிசையில் இருக்கிறது. 2022 இல் உக்ரைனில் போர் வெடித்தபோது கெய்ரோவில் ரொட்டிக் கவலை வந்தது அதனால்தான். எமது காலைச் சாப்பாட்டு ரொட்டியும் பராட்டாவும் இதே வகைதான். கோதுமை எமது மண்ணில் விளைவதில்லை. வேறு யாருடைய மழையையோ நாம் தேங்காய்ச் சம்பலோடு சாப்பிடுகிறோம்.

இன்னொரு பங்கு, ஒரே தண்ணீரைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவது. வயலில் வடிந்த நீர் வடிகாலில் சேர்ந்து மறுபடி வயலுக்குப் போகிறது. 2021 இல் திறந்த பஹ்ருல் பக்கர் நிலையம் ஒரு நாளைக்கு 56 இலட்சம் கன மீற்றர் வடிகால் நீரைச் சுத்திகரிக்கக் கட்டப்பட்டது. ஆனாலும் ஒவ்வொரு சுற்றிலும் உப்புக் கூடும். அதை அனுபவிப்பவர் கால்வாயின் கடைசியில் இருக்கும் ஃபல்லாஹ். 2018 இல் நெல் விதைக்கும் பரப்பை அரசு வெகுவாகக் குறைத்து, மீறியவர்களுக்குத் தண்டம் என்றது. நெல் தண்ணீர் குடிக்கும் பயிர், உண்மை. ஆனால் கழிமுகத்தின் வடக்கில் நெல்வயலில் நிற்கும் நீர்தான் கடலின் உப்பைக் கீழே அழுத்தி வைத்திருந்தது. வாய்க்காலின் தலைமாட்டு வயலுக்கும் கடைமாட்டு வயலுக்கும் உள்ள வழக்கு எமது வட்டவிதானைமாருக்குத் தெரியாததல்ல. அதே நாட்டில் பாலைவனத்து மதிலுக்குள் புல்தரையும் கோல்ஃப் திடலும் பச்சையாகவே இருக்கின்றன. மக்ரீஸி இருந்திருந்தால் அதையும் எழுதியிருப்பார்.

பிள்ளைகளின் எண்ணிக்கை பற்றிய பேச்சு மேற்கிலிருந்து வந்த சதி என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். கருத்தடையை அனுமதித்து எகிப்தின் முஃப்தி ஷெய்க் அப்துல் மஜீத் ஸலீம் ஃபத்வா கொடுத்தது 1937 இல். குடும்பத்துக்கான நியாயமான காரணம் இருந்தால் தம்பதியர் பிள்ளைப் பேற்றைத் தள்ளிப் போடலாம் என்பது அதன் சாரம். 1960களில் ஒரு தாய்க்கு சராசரி ஆறுக்கு மேல் பிள்ளைகள். 2021 இல் அது 2.85. எகிப்தியத் தாய்மார் கணக்குத் தெரியாதவர்கள் அல்ல. ஆனாலும் இளையோர் நிறைந்த நாட்டில் சராசரி குறைந்தாலும் எண்ணிக்கை பல ஆண்டுகளுக்கு ஏறிக்கொண்டே போகும்.

மேலே எத்தியோப்பியா இப்போது 12 கோடியைத் தாண்டிவிட்டது. அவர்களுக்கும் பிள்ளைகள், அவர்களுக்கும் பஞ்சத்தின் நினைவு, வீட்டில் மின்சாரம் இல்லாத கோடிக்கணக்கானோர். 2011 ஏப்ரலில் நீல நைலில் பெரும் அணைக்கு அடிக்கல் நாட்டினார்கள். 74 பில்லியன் கன மீற்றர் கொள்ளளவு. அரச ஊழியர்கள் சம்பளத்தில் கொடுத்து, பொதுமக்கள் பிணைமுறி வாங்கிக் கட்டினார்கள். 2020 இல் நீர் நிரப்பத் தொடங்கி, 2025 செப்டம்பரில் திறந்துவைத்தார்கள். மின்சார அணை என்பதால் சுழலியில் விழும் நீர் கீழே வந்துதான் ஆக வேண்டும், எமது மகாவலி போல. பயம், அடுத்தடுத்து வறண்ட ஆண்டுகள் வந்தால் துருசை யார், எவ்வளவு திறப்பது என்பதில். 2015 இல் மூன்று நாடுகளும் கார்த்தூமில் கொள்கைப் பிரகடனம் ஒன்றில் ஒப்பமிட்டன. வறட்சிக் காலத்துக்கான கட்டாய உடன்படிக்கை இன்றுவரை இல்லை. எகிப்து 1959 இன் 55.5 ஐக் காட்டுகிறது. தான் ஒப்பமிடாத தாள் தன்னைக் கட்டாது என்கிறது எத்தியோப்பியா. இரண்டு பக்கமும் உள்ளது நியாயம்தான், அதுவே இதன் கஷ்டம்.

ஆசிரிய நண்பர்கள் இதை வகுப்பில் எடுப்பதாயின் எகிப்தின் கணக்கெடுப்பு எண்கள் இவை: 1960 இல் 2 கோடி 60 இலட்சம், 1976 இல் 3 கோடி 66 இலட்சம், 1986 இல் 4 கோடி 82 இலட்சம், 2006 இல் 7 கோடி 28 இலட்சம், 2017 இல் 9 கோடி 48 இலட்சம். பலகையில் எழுதிவிட்டு, 55.5 பில்லியனைப் பிள்ளைகளையே வகுக்கச் சொல்லுங்கள். பிறகு எத்தியோப்பியாவுக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்று கேளுங்கள். ஒரு பாடவேளை போதாது, இரண்டை எடுத்து வையுங்கள்.